மூன்று புள்ளியில் ஏமாற்றும் வட்டம்

தென் ஜெர்மனியில் ஆலன் நகரில் இறங்கி, ஊல்ம் போகும் சின்ன ரயிலில் ஏறினால் அடுத்த சில நிமிடங்களில் ஒபர்கோகன் வந்துவிடும். கோகர் ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் காடு மூடிய குன்றுகள், நடுவே ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் ஊர். வாரத் தொடக்கத்தில் இந்த ரயிலில் வருகிறவர்களில் சிலர் மலையேற வருவதில்லை. மடிக்கணினியும் ஒரு பாகத்தின் டிராயிங்கும் கையில் இருக்கும். வகுப்புக்கு வருகிறவர்கள் அவர்கள்.

ஒபர்கோகன், ஸைஸ் நிறுவனத்தின் தலைமையகம். 1846இல் யேனா நகரில் தொடங்கிய நிறுவனம் இந்தக் காட்டுப் பள்ளத்தாக்குக்கு வந்தது போரினால்தான். 1945இல் யேனாவை சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய அமெரிக்க ராணுவம், ஸைஸின் முக்கிய ஆட்கள் 77 பேரையும் கூட்டிக்கொண்டு மேற்கே வந்தது. அடுத்த ஆண்டு ஒபர்கோகனில் புது நிறுவனம் தொடங்கியது. லென்ஸுக்குப் பேர்போன அந்த நிறுவனம் 1973இல் யூ.எம்.எம். 500 என்ற அளவீட்டு இயந்திரத்தை வெளியிட்டது. பயிற்சிக்கு வருகிறவர்கள் தேடி வருவது அந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்களை. இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றை இயக்கும் ‘கலிப்சோ’ என்ற மென்பொருளை.

ஓசூரிலும் கோவையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ‘சி.எம்.எம்.’, அதாவது ஆய அளவீட்டு இயந்திரம், என்றால் குவாலிட்டி பிரிவில் எல்லோருக்கும் தெரியும். குளிரூட்டிய கண்ணாடி அறை, கருங்கல் மேடை, அதன் மேல் நகரும் பாலம், பாலத்திலிருந்து தொங்கும் புரோப், அதன் நுனியில் சிவப்பு ரூபி உருண்டை. உருண்டை பாகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியின் எக்ஸ், ஒய், இஸட் மதிப்பு பதிவாகும். இயந்திரம் தருவது அந்தப் புள்ளிகளை மட்டுமே. அவற்றிலிருந்து துளையின் விட்டம், இரு துளைகளுக்கு இடையிலான தூரம், ஒரு தளத்தின் சமன் ஆகியவற்றைக் கணக்கிடுவது மென்பொருளின் வேலை. எங்கே தொடுவது, எத்தனை இடத்தில் தொடுவது, எதை அடித்தளமாக வைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆப்பரேட்டர். ஒரு தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். டிராயிங் பல இடங்களில் அனுமதிக்கும் பிசகு அதில் ஏழில் ஒரு பங்குதான். அந்த மூன்று முடிவுகளில் ஒன்று சறுக்கினாலும் நல்ல பாகம் குப்பைக்குப் போகும். கெட்ட பாகம் காருக்குள் போகும்.

ஒபர்கோகனில் சொல்லித்தரப்படும் மென்பொருளுக்கென்று ஒரு தனி மனப்போக்கு உண்டு. கலிப்சோவில் ஆப்பரேட்டர் டிராயிங்கைப் பார்த்து ‘இந்தத் துளையின் விட்டம் வேண்டும், அந்த இரண்டு முகங்களும் இணையாக இருக்க வேண்டும்’ என்று முதலில் கேள்விகளைப் பதிவு செய்கிறார். கேள்விக்குத் தேவையான வடிவங்களை மென்பொருள் அதனுடன் கட்டிவைக்கிறது. ஐம்பது கேள்விகளில் இன்றைக்கு மூன்று மட்டும் போதும் என்று குறித்தால், அந்த மூன்றுக்கு வேண்டிய இடங்களை மட்டும் புரோப் தொட்டுவிட்டு வரும். அடிப்படை வகுப்பு இந்தப் பழக்கத்தை ஊட்டுகிறது: புரோப் கேலிப்ரேஷன், பாகத்தின் ஆய அச்சுகளை அமைக்கும் அலைன்மென்ட், மோதாமல் போய்வரும் பாதை, ரிப்போர்ட். மேல் வகுப்புகளில் வளைவுகள், கட்டற்ற பரப்புகள், ஒரே புரோகிராமை வெவ்வேறு அளவுள்ள பாகங்களுக்கு ஓட்டும் பாராமீட்டர் முறை எல்லாம் வருகின்றன.

இங்கே ஒரு சமையல் புத்தகமும் உண்டு. பெயரே அப்படித்தான்: ‘குக்புக்’. எந்த விட்டமுள்ள துளைக்கு எவ்வளவு பெரிய ரூபி உருண்டை, என்ன வேகத்தில் ஸ்கேன் செய்வது, எத்தனை புள்ளி எடுப்பது, எந்த ஃபில்டர் போடுவது என்று ஸைஸ் ஆட்கள் தொகுத்து வைத்திருக்கும் கையேடு அது. ஒவ்வொரு ஆப்பரேட்டரும் தன் கைப்பழக்கப்படி அளந்தால், ஒரே பாகத்துக்கு மூன்று ஷிப்டில் மூன்று பதில் வரும். அதைத் தடுக்கத்தான் அந்தப் புத்தகம்.

நிறுவன வகுப்பின் பலம் இதுதான். தன் இயந்திரம், தன் மென்பொருள், தன் புரோப் என்று அனைத்தையும் தெரிந்தவர்களே சொல்லித்தருகிறார்கள். படித்ததை மறுநாளே ஆலையில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதே ஆப்பரேட்டர் வேலை மாறி, வேறு நிறுவனத்தின் இயந்திரம் இருக்கும் ஆலைக்குப் போனால், கற்றதில் பாதிக்கு மேல் பழைய ஆலையிலேயே தங்கிவிடும். மீதியை எங்கே கற்பது?

அதற்கு விடை தேடும் ரயில் ஆலனிலிருந்து வடகிழக்கே கிரைல்ஸ்ஹைம், அன்ஸ்பாக் வழியாக நியூரம்பர்க் போகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எர்லாங்கன். பிரான்ஸிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹ்யூகனோக்களுக்காக 1686இல் நேர்க்கோட்டுத் தெருக்களோடு திட்டமிட்டுக் கட்டிய புதுநகரம் அது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆல்பர்ட் வெக்கன்மானின் உற்பத்தி அளவியல் துறை நீண்ட காலம் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. இயந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு துல்லியமாகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களின் முடிவுகளும் அப்படித்தான் ஆகின்றனவா? அந்த யோசனையில் பிறந்தது ‘அவ்கோம்’ என்ற சங்கம். 2001இல் தொடங்கிய இச்சங்கத்தின் பெயர், ‘ஆய அளவியல் பயிற்சி’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். சந்தையில் மோதிக்கொள்ளும் இயந்திர நிறுவனங்களே இதில் உறுப்பினர்களாகி, ஒரே பாடத்திட்டத்துக்கு உடன்பட்டிருக்கின்றன.

அவ்கோம் வகுப்பில் எந்த மென்பொருளின் பொத்தானும் பாடமாக வராது. முதல் நிலையில் அலகுகள், டிராயிங் வாசிப்பு, வடிவங்கள், புரோப் வகைகள், வெப்பநிலை. இரண்டாம் நிலையில் அளவீட்டைத் திட்டமிடுவது. மூன்றாம் நிலையில் அளவின் நிச்சயமின்மை, புள்ளியியல், அளவீட்டு அறையை நிர்வகிப்பது. ஒவ்வொரு நிலைக்கும் தேர்வும் சான்றிதழும் உண்டு.

பொத்தான் இல்லாத பாடம் எதற்கு என்று கேட்பவருக்கு ஒரு வளையம் போதும். மெல்லிய சுவருள்ள வளையத்தை த்ரீ-ஜா சக்கில் இறுக்கிப் பிடித்து உள்துளையைக் கடைகிறார்கள். கடையும்போது துளை நல்ல வட்டம். சக்கைத் தளர்த்தியதும் வளையம் நிமிர்ந்துகொள்ள, துளை மூன்று முனை கொண்ட வடிவமாகிவிடுகிறது. அதை சி.எம்.எம்.மில் வைத்து, 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று புள்ளி தொட்டால் மென்பொருள் ஒரு விட்டத்தைச் சொல்லும். வட்டத்தன்மைப் பிழை பூஜ்யம் என்றும் சொல்லும். ஒரே நேர்க்கோட்டில் இல்லாத எந்த மூன்று புள்ளி வழியாகவும் பிசிறில்லாத ஒரு வட்டம் வரைய முடியும் என்பதால் அது பூஜ்யம் என்று சொல்லியே தீரும். வளையத்தை 60 டிகிரி திருப்பி வைத்து மீண்டும் தொட்டால் விட்டம் மாறும். வட்டத்தன்மைப் பிழை மட்டும் பூஜ்யமாகவே நிற்கும்.

கணிதப்படி வட்டத்துக்கு மூன்று, தளத்துக்கு மூன்று, கோளத்துக்கு நான்கு, உருளைக்கு ஐந்து புள்ளிகள் போதும். 1989இல் வந்த பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 7172 வட்டத்துக்கு ஏழு, தளத்துக்கு ஒன்பது, கோளத்துக்கு ஒன்பது, உருளைக்குப் பன்னிரண்டு என்று பரிந்துரைத்தது. வட்டத்துக்கு ஏழு என்பதற்கும் காரணம் உண்டு: ஆறு முனை வரையுள்ள வடிவப் பிழை அதில் சிக்கும். இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம் எந்த மென்பொருளின் மெனுவிலும் இல்லை. மூன்று புள்ளி கொடுத்தால் எல்லா மென்பொருளும் வாங்கிக்கொள்ளும்.

வெப்பநிலைப் பாடமும் இதே ரகம். நீள அளவுகளுக்கான ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று சர்வதேச எடை, அளவுக் குழு 1931இல் ஏற்றது. இன்றும் அதுதான் நடைமுறை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் அளவில் நீளும். எஃகு அதில் பாதி, 11.5 மைக்ரான். 32 டிகிரி வெப்பமுள்ள ஷாப் ஃப்ளோரிலிருந்து 200 மில்லிமீட்டர் அலுமினியப் பாகத்தை நேராக மேடையில் வைத்தால் ஏறத்தாழ 55 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். மென்பொருளில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று நம்பி, பொருள் என்ற கட்டத்தில் முன்பு இருந்த ‘எஃகு’ அப்படியே கிடந்தால், திருத்திய பிறகும் பிழையில் பாதி மிஞ்சும். ரிப்போர்ட்டில் மட்டும் ‘வெப்பத் திருத்தம் செய்யப்பட்டது’ என்று இருக்கும்.

எர்லாங்கனிலிருந்து மேற்கே, ஃபிராங்க்ஃபர்ட், கீஸன் தாண்டி லான் ஆற்றங்கரையில் வெட்ஸ்லர். சுற்றுலாப் பயணிகள் இங்கே இரண்டு பேரைத் தேடி வருவார்கள். ஒருவர் கதே. 1772 கோடையில் இங்கிருந்த பேரரசு நீதிமன்றத்தில் பயிற்சிக்கு வந்து, காதலில் தோற்று, இரண்டே ஆண்டில் வெர்தர் நாவலை எழுதியவர். மற்றவர் லைட்ஸ் நிறுவனத்தின் ஆஸ்கர் பர்னாக். தான் செய்த சிறிய கேமராவால் 1914இல் இவ்வூரின் ஐஸன்மார்க்ட் சதுக்கத்தைப் படமெடுத்தவர்; அந்தக் கேமராவே லைக்காவின் மூலம். அளவியல்காரர்கள் வருவது மூன்றாவது காரணத்துக்கு. லைட்ஸ் பெயரில் மிக உயர்ந்த துல்லியமுள்ள சி.எம்.எம்.கள் இங்கே உருவாகின்றன. இப்போது அவை ஸ்வீடனின் ஹெக்ஸகன் குழுமத்தில். அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தின் அளவீட்டுத் தொழிலை ஹெக்ஸகன் 2001இல் வாங்கியபோது லைட்ஸும், இத்தாலியின் டி.இ.ஏ.வும் கூடவே வந்து சேர்ந்தன. பி.சி.-டிமிஸ் என்ற மென்பொருளும் இன்று அந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது.

கலிப்சோவிலிருந்து பி.சி.-டிமிஸுக்கு வருகிறவருக்கு முதல் சில நாட்கள் தலை சுற்றும். இங்கே புரோகிராம் மேலிருந்து கீழே ஓடும் கட்டளைகளின் வரிசை. சாம்பார் வைப்பது போலத்தான்: பருப்பு வேகும் முன் புளியை ஊற்றினால் பிறகு எதைச் சேர்த்தாலும் சரியாகாது. நடுவில் ஓர் அலைன்மென்ட்டை மாற்றினால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கட்டளைகளும் புதிய அச்சுகளின்படி ஓடும். இதை உணராதவர் ஒரு வரியைத் திருத்தப் போய், புரோப்பைப் பாகத்தின் மேல் மோதவிட்டு, ரூபி உருண்டையைத் தாங்கும் ஸ்டைலஸை உடைப்பதுண்டு. ஆனால் இந்த வரிசை முறையில் ஒரு வசதியும் இருக்கிறது. ‘இப்படி வந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்ற நிபந்தனைகளையும் சுழல்களையும் எழுத, புரோகிராமிங் தெரிந்தவர்களுக்கு இது இலகு. பயிற்சி மூன்று நிலைகளாக ஏறுவதும் அந்த வழியில்தான். முதலில் புரோப், அலைன்மென்ட், அடிப்படை வடிவங்கள். பிறகு சிக்கலான அலைன்மென்ட்டும் புரோகிராம் ஓட்டமும். மேலே ஸ்கேனிங்கும் தானியங்கி வேலையும்.

இரண்டு மென்பொருளும் இவ்வளவு வேறுபட்டாலும் இரண்டின் அடியிலும் 3-2-1 என்ற ஒரே விதி இருக்கிறது. ஒரு முகத்தில் மூன்று புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று. பாகத்தின் ஆறு அசைவுகளும் அடங்கிவிடும். இதை அவ்கோம் முதல் நிலையில் படித்துவிட்டு வருகிறவர் ‘இங்கே அந்தக் கட்டளை எங்கே?’ என்று கேட்பார். படிக்காதவர் ‘எதற்கு இத்தனை முறை தொட வேண்டும்?’ என்று கேட்பார்.

வெட்ஸ்லரிலிருந்து வடக்கே கீஸன், காஸல் வழியாகப் போய் அதிவேக ரயில் பிடித்தால் கோட்டிங்கன் தாண்டி பிரவுன்ஷ்வைக். இந்த இரண்டு நிலையங்களும் ஒரே மனிதரின் ஊர்கள். கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ் 1777இல் பிரவுன்ஷ்வைக்கில் பிறந்தார். 1807 முதல் 1855இல் இறக்கும் வரை கோட்டிங்கனில் வான் ஆய்வகத்தை நடத்தினார். 1801இல் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வாரங்களிலேயே சூரிய ஒளியில் தொலைந்துபோன சீரீஸ் என்ற சிறுகோள் எங்கே மறுபடி தோன்றும் என்று, கிடைத்த சொற்ப அவதானிப்புகளை வைத்து அவர் கணக்கிட்டார். அப்போது அவருக்கு வயது 24. அந்த ஆண்டின் கடைசி நாளில், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரீஸ் அகப்பட்டது. சிதறிய புள்ளிகளுக்கு மிகப் பொருத்தமான வளைவைத் தேடும் ‘மிகக்குறைந்த வர்க்கங்கள்’ முறையை 1805இல் முதலில் அச்சிட்டவர் பிரான்ஸின் லெஜாந்தர். காஸ் 1809இல் வெளியிட்டு, தாம் முன்பே பயன்படுத்திவந்ததாகச் சொன்னார். முதல் உரிமை யாருடையதாக இருந்தாலும், சி.எம்.எம். மென்பொருளில் வட்டம் கணக்கிடும் இடத்தில் பெரும்பாலும் தானாகத் தேர்வாகி நிற்கும் பெயர் ‘காஸ்’ தான்.

பிரவுன்ஷ்வைக்கின் மேற்கு ஓரத்தில் மரங்களுக்கு நடுவே ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பி.டி.பி. பரந்து கிடக்கிறது. 1887இல் பெர்லினில் வெர்னர் ஃபான் சீமென்ஸின் முயற்சியாலும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் தலைமையிலும் தொடங்கியது. ஜெர்மனியின் அதிகாரபூர்வ நேரத்தைக் காட்டும் அணுக்கடிகாரங்கள் இங்கேதான் ஓடுகின்றன. அதே வளாகத்தில், ஆப்பரேட்டர்கள் கேள்வி கேட்காமல் நம்பும் மென்பொருளுக்கும் தேர்வு நடக்கிறது.

அந்தத் தேர்வுக்கு ஒரு முன்கதை உண்டு. 1988இல் அமெரிக்க அரசும் தொழில்துறையும் தகவல் பகிரும் அமைப்பு ஒன்றின் வழியே ஓர் எச்சரிக்கை வெளியானது. ஒரே புள்ளிகளைக் கொடுத்தும் வெவ்வேறு சி.எம்.எம். மென்பொருள்கள் வெவ்வேறு பதில் சொல்கின்றன. சில, பாகத்தை உள்ளதைவிட 37 சதவீதம் வரை மோசமாகவும், சில 50 சதவீதம் வரை நல்லதாகவும் காட்டக்கூடும் என்றது அது. இயந்திரத்தில் கோளாறு இல்லை, கணக்கில்தான். அதன் பிறகு மென்பொருளைத் தனியாகச் சோதிக்கும் முறைகள் வளர்ந்தன. காஸ் கணக்கைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10360-6 தரநிலை 2001இல் வந்தது. பி.டி.பி. இப்போது ‘டிரேசிம்’ என்ற சேவை மூலம் இணையவழி இதைச் செய்கிறது. விடை தெரிந்த புள்ளித் தொகுப்புகளை மென்பொருளுக்கு அனுப்புவது, அது கணக்கிட்ட பதிலைத் திரும்ப வாங்குவது, ஒப்பிட்டுச் சான்று தருவது.

சான்று பெற்ற மென்பொருளும் கேட்டதற்கு மட்டுமே சரியாகப் பதில் சொல்லும். ஐ.எஸ்.ஓ. முறையில் வரைந்த டிராயிங்கில் விட்டத்துக்குப் பக்கத்தில் வேறு குறி எதுவும் இல்லையென்றால், மைக்ரோமீட்டரால் பிடிப்பது போல எதிரெதிர் இரு புள்ளிகளுக்கு இடையிலான அளவு என்று பொருள். ஜி.ஜி. என்று குறித்திருந்தால் காஸ் உருளை. ஜி.எக்ஸ். என்றால் துளைக்குள் அடங்கும் மிகப் பெரிய உருளை. உள்ளே ஒரு பின் நுழைய வேண்டிய துளைக்கு அதுதான் பொருந்தும். ஜி.என். என்றால் தண்டைச் சுற்றி வளைக்கும் மிகச் சிறிய உருளை. டிராயிங் ஒன்றைக் கேட்க, மென்பொருள் தன் வழக்கப்படி காஸைக் கொடுக்க, ரிப்போர்ட் பச்சை நிறத்தில் வெளியாகும். பின் நுழையாது. அசெம்பிளிக்காரர் குவாலிட்டியைத் திட்டுவார், குவாலிட்டிக்காரர் ரிப்போர்ட்டைக் காட்டுவார்.

ஜெர்மனிக்குப் போக முடியாதவர்களுக்கு வழிகள் அடைபட்டுவிடவில்லை. லண்டன் அருகே டெடிங்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் என்.பி.எல்., டேவிட் ஃப்ளாக் எழுதிய கையேடுகளை வெளியிட்டிருக்கிறது. சி.எம்.எம். அளவீட்டு உத்திகள் பற்றியது 41ஆம் எண். இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கு 42, புரோப் பற்றி 43. மூன்றும் இலவசம். ஆங்கிலம் எளிமையானது. பெங்களூரு தும்கூர் சாலையில் 1962இல் தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம், சி.எம்.டி.ஐ., அளவியல் வகுப்புகளை நடத்துகிறது. ஓசூர்க்காரருக்குப் பேருந்து தூரம். இயந்திரம் இல்லாமலேயே கணினியில் புரோகிராம் எழுதி ஒத்திகை பார்க்கும் ஆஃப்லைன் முறை பெரிய மென்பொருள்கள் அனைத்திலும் உண்டு. மோதல் எல்லாம் திரையிலேயே முடிந்துவிடுவதால் புதியவர் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

பயிற்சியின் வரிசையில்தான் பல ஆலைகள் இடறுகின்றன. சி.எம்.எம். வாங்கும்போது விற்பவரின் மென்பொருள் வகுப்பில் ஓரிரு இடங்கள் விலையோடு சேர்ந்து வரும். அதில் படித்தவர் இரண்டாம் ஆண்டில் வேறு ஆலைக்குப் போய்விடுவார். அடுத்தவர் அவரிடம் கேட்டுக்கேட்டுப் பழகியவர். மூன்றாமவர் பழைய புரோகிராமைத் திறந்து, பெயரை மாற்றி, சேமித்துக்கொள்பவர். மூன்று புள்ளி வட்டங்கள் அப்படித்தான் ஒரு புரோகிராமிலிருந்து அடுத்ததற்குப் பரம்பரையாக இறங்குகின்றன. இதை உடைக்கப் பெரிய செலவு வேண்டாம். பேரம் பேசும் நாளில் பர்ச்சேஸ் மேனேஜர் பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு வரி கூடுதலாகக் கேட்கலாம்: மென்பொருள் வகுப்போடு நிறுவனம் சாராத அடிப்படைப் பயிற்சியில் ஓர் இடம்; ஓராண்டு கழித்து, அந்த ஆலையின் சொந்தப் பாகங்களை மேடையில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை வரிவரியாகப் பார்த்துத் திருத்தும் இரண்டாம் சுற்றுப் பயிற்சி. இயந்திரத்தின் விலைக்கு முன் இரண்டும் சில்லறைத் தொகை. ஆர்டர் கையெழுத்தாகும் முன் கேட்டால் பல நேரம் அதுவும் தள்ளுபடியில் கிடைக்கும்.